வெறும் வண்டிக்குக் கட்டிய தார்ப்பாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவைப் பிடிக்கிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் மூத்தவள் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்கி வந்திருக்கிறாள், அதை வாசலுக்கு நேராக வைத்திருக்கிறேன், தபால்காரர்கூட என்னவென்று விசாரித்துவிட்டுத்தான் போனார். சின்னவன், நம் வாலு, பள்ளிக்கூட மேடையில் ஒரு பக்கப் பேச்சை எங்கேயும் திக்காமல் பேசிவிட்டான், கடைசியில் வணக்கம் சொல்ல மறந்து இறங்கி ஓடிவந்துவிட்டான், அது போகட்டும். உன் பெரியவன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினதாக நீ எழுதியதை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன், அவள் கேட்காத நாளிலும் சொன்னேன். உன் சின்னவள் நீச்சல் கற்றுக்கொண்டதையும் விடவில்லை. ஐந்தாவதோடு நின்றுபோன எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் வாய்த்திருக்கிறார்களே என்று ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தடவை நல்லதை மட்டும் எழுதி உறையை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

போன கடிதத்தில் உன் தம்பிக்கு ஓட்டம் ஓயவில்லை, உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை என்று எழுதியிருந்தேன் இல்லையா, அது பொய். அவன் லாரியில் சரக்கு எடுக்கிற தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டை எடுத்துவிட்டார்கள், பகலிலும் பாதி நேரம்தான் கேட் திறக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு லோடை இறக்கிவிட்டு வீடு வந்து சேருவதற்குள் அடுத்த லோடுக்குப் போன் வந்துவிடும், இப்போது ஸ்டாண்டில் லாரிகள் மூக்கும் வாலும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒருத்தர் வயிற்றில் ஒருத்தர் அடிக்க வேண்டாம் என்று டிரைவர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் வண்டிகளை வரிசையாக எழுதியிருக்கும், முதலில் இருப்பவருக்குத்தான் வருகிற லோடு, ஏற்றியவர் கடைசிக்குப் போய்விட வேண்டும். வெளியே யாராவது தனியாக லோடு பிடித்தாலும் அவரும் கடைசிக்குத்தான். முறை எழுதுகிறவர் மூத்த டிரைவர், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முறை வரும்வரை உன் தம்பி வீட்டில், வண்டி வாசலில். பின்பக்கம் வெறும் பலகை தெரிய அது நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும். ஒருநாள் தையல்காரி துணி காயப்போட்டுக்கொண்டே, என்னங்க, உங்க பையன் வண்டிய வாசலுக்குக் காவல் வெச்சிட்டீங்களா என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே உன் தம்பியை உட்கார வைத்து, காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு, எங்கேயாவது ஓரமாக நிறுத்திவிட்டு இருட்டுவதற்குள் வந்தால் போதும் என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, வெறும் வண்டின்னா சத்தமே காட்டிக் குடுத்துரும்மா, கடகடன்னு ஆடும் என்றான். அப்படியானால் தார்ப்பாய் கட்டு என்றேன். யோசனை என்னுடையதுதான் கண்ணு, அவன் மேல் போடமாட்டேன். பரணில் கிடந்த காலி அட்டைப்பெட்டிகள், கால் உடைந்த கட்டில், என்னுடைய பழைய மெத்தை என்று கைக்கு வந்ததையெல்லாம் ஏற்றி அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, நிஜ லோடுக்குக் கட்டுகிற மாதிரியே கயிறு இழுத்துக் கட்டினோம், கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மருமகள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். காலையில் சாப்பாட்டுத் தூக்கை அவன் கையில் கொடுக்கும்போது தையல்காரி காதில் விழட்டும் என்று, மெதுவாப் போப்பா, பாரம் ஜாஸ்தி என்று வேறு சொன்னேன். எழுதும்போதே காது சுடுகிறது.

அவன் போகிற வழி ஸ்டாண்டைத் தாண்டித்தான் என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவனுக்கும் உறைக்கவில்லை. முறை வந்ததென்று அவன் ஆசையாகப் போய் நின்றால் கண்ணாடிக்காரர், உனக்குத்தான் வெளி லோடு ஓடுதே தம்பி, நானே பாத்தேனே, தார்ப்பாய் கட்டிக்கிட்டு ஜம்முனு போனியே, பேரைக் கடைசிக்குத் தள்ளிட்டேன் என்றாராம். உண்மையைச் சொன்னால் மெத்தையையும் சொல்ல வேண்டுமே என்று இவன் அப்படியே திரும்பி வந்துவிட்டான். வந்து என்னிடம் சொன்னான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா, போனால் போகிறது, அடுத்த முறைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நீ வாயைத் திறக்காதே என்றேன். தெரு பார்க்குமே என்று மறுநாளும் கட்டச் சொன்னேன், அடுத்த முறையும் அதே மாதிரி கைவிட்டுப் போனது. அன்றைக்குத்தான் மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அத்தை, மானத்தை வேகவெச்சுப் பிள்ளைங்களுக்குப் போட முடியுமா, முடியும்னா சொல்லுங்க, இப்பவே உலை வெக்கிறேன் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. வாலு அவள் பின்னால் வெறும் தட்டை வைத்துக்கொண்டு நின்றான், என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லிவிடுவதென்று உன் தம்பி கட்டிய தார்ப்பாயோடே ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். கேபினில் ஏற்றிவிட அவன் மேலிருந்து இழுக்க மருமகள் கீழிருந்து தள்ள, அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டாண்டில் டிரைவர்கள் தகரக் கொட்டகை நிழலில் இருந்தார்கள். ஒருத்தர் சுத்தமாக இருக்கிற லாரியின் முன்கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வார் பாவம். உன் தம்பி நேராகக் கண்ணாடிக்காரரிடம் போய், அண்ணே, நான் லோடு எதுவும் ஓட்டலை, வந்து பாருங்க என்று மட்டும் சொன்னான். எல்லோரும் எழுந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். முடிச்சில் கையை வைத்தவனால் அதை அவிழ்க்க முடியவில்லை. நான் போய் இழுத்தேன். தார்ப்பாய் சரிந்ததும் ஓரம் கிழிந்த என் மெத்தை பஞ்சு பிதுங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கிடந்தது. பெரியம்மா, இந்த மெத்தை எந்த ஊருக்கு டெலிவரி என்று ஒருத்தர் கேட்டார், கொட்டகையே சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாடி வைத்த ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. ஏம்மா, நாங்க வெறும் வண்டியோட தெனமும் இங்க நிக்கிறோமே, அப்ப நாங்கல்லாம் மானங்கெட்டவங்களா என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. நான் அவர்கள் வண்டிகளைப் பார்த்தேன். எல்லாம் பின்கதவு திறந்து, பெருக்கிச் சுத்தமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெயிலில் நின்றன. மெத்தையை அவர்கள் பார்த்ததில் வந்த வெட்கம் பெரிதில்லை கண்ணு, இத்தனை நாள் அவர்களை நான் மனசுக்குள் எந்த இடத்தில் வைத்திருந்தேன் என்று நினைத்தபோது நிற்கவே கூசியது. அதற்குள் உன் தம்பி முன்னால் வந்து, எங்கம்மாவ ஒண்ணும் கேக்காதீங்கண்ணே, இதெல்லாம் என் வேலை என்றான். அது உண்மையில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் உனக்காவது எழுதுகிறேன்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிப் பலகையைப் பார்த்தார். போன முறை போனதுதான், இன்னொருத்தன் ஓட்டிட்டான், அதைப் பிடுங்கிக் குடுக்க முடியாது, கடைசியிலேர்ந்து நடுவுக்கு ஏத்தறேன், யாருக்காவது ஆட்சேபணைன்னா இப்பவே சொல்லிருங்க என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையில் உன் தம்பி பேரை அவர் நடுவில் எழுதுகிற சாக்பீஸ் சத்தம் கேட்டது. தாடிக்காரர் தார்ப்பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்தார், மறு ஓரத்தை உன் தம்பி பிடித்தான், இரண்டு பேருமாக உதறி மடித்துக் கேபினுக்குப் பின்னால் வைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து தையல்காரியிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தாமலே, தெரியுமேங்க, நீங்க பாரம் ஜாஸ்தின்னீங்க, வண்டி குழியில எகிறிக் குதிச்சிட்டுப் போச்சு என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது பார், யாருக்கும் தெரியாது என்று நினைத்தது நான் மட்டும்தான். இதை எழுதுகிறவரை உன் தம்பிக்கு லோடு வரவில்லை, இன்னும் சிலர் அவனுக்கு முன்னால் இருக்கிறார்கள். வண்டி வாசலில் திறந்தபடி நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தால் அதில் ஏறி உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறார்கள். நீ அவனிடம் போனில் பேசினால் எடுத்த எடுப்பில் லோடு கிடைத்ததா என்று கேட்காதே, வேறு ஏதாவது பேசு, அவனாகச் சொல்லுவான். மருமகளிடமும் இரண்டு வார்த்தை தனியாகப் பேசு. அவளை நான் இதுவரை யாரிடமும் மெச்சிப் பேசினதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதங்களை நேற்று எடுத்துத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றிலும் நல்லபடி, நல்லபடி என்றே இருக்கிறது. முன்பு படிக்கும்போது பெருமையாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது. நீ என் பெண், என்னைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே ஏதாவது குறை இருந்தால் அம்மாவுக்கு எழுது, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், கேவலமாகவும் நினைக்கமாட்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். பிள்ளைகளை அதிகம் மிரட்டாதே. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய போட்டோ பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. அதற்காக ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம், நல்ல துணி எடுத்து உடுத்த வேண்டாம், சாதாரணமாக வீட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படியே எடுத்து அனுப்பு.

உன் கடிதத்துக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா