யானை அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதில் சொல்ல வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. மாடி அறையில் மாப்பிள்ளைக்கு மேசை விசிறி வைத்திருக்கிறேன். சின்னவள் இப்போதும் சுவரோரம்தான் படுப்பாளா என்று எழுது.

கடைசிக் கோடு, நீங்கள் வரும்போது போக நினைக்கும் படகுச் சவாரிக்குப் போட்டது. 'தாத்தா வந்து பாறை காட்டலைன்னா நாங்க போகமாட்டோம்' என்று குழந்தைகள் இருவரும் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். அவர்களிடம் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயோ.

நாம் நால்வரும் அந்தப் படகில் போனபோது உனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நூலகத்தில் பட்டியல் போட்டே பழகிய கை, கடலோரத்துக்கும் ஒன்று போட்டுவிட்டது. ஒன்பதரைக்குப் புறப்பாடு, ஒன்பது ஐம்பதுக்குக் கலங்கரை விளக்கம், பத்து ஐந்துக்கு யானைப்பாறை, பிறகு குகை, பறவைத் தீவு. அன்று காற்று மாறியதால் படகோட்டி எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். அதை ஒலிபெருக்கியில் சொல்லவும் செய்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்து ஐந்துக்கு, அதோ யானைப்பாறை என்று கை நீட்டினேன். எதிரே இருந்தது பறவைத் தீவு.

'தும்பிக்கை எங்கப்பா?' என்றான் தம்பி. அம்மா அறிவிப்பைக் கேட்டவள். இருந்தும், 'யானை அந்தப் பக்கமா திரும்பி நிக்குதுடா. கூப்பிடாதே, திரும்பினா படகு ஆடும்' என்றாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். கலங்கரை விளக்கம் கடைசியில் வந்தபோது நீதான், 'என்னப்பா, லைட்ஹவுஸ் நடந்து வந்துடுச்சா?' என்று கேட்டாய். அம்மா சிரித்த சிரிப்பில் தலையில் கட்டியிருந்த நீலத் துணி அவிழ்ந்து பறந்தது. கொஞ்ச தூரம் நம் பின்னாலேயே மிதந்து வந்தது. நானோ வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல பகலில் பாதியை அப்படி வீணாக்கினேன்.

சுற்றி வளைக்கிறேன். அம்மா போன பிறகு ஆறு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன வாரம் இரண்டு நாள் படகுத்துறைக்குப் போய்வந்தேன். முதல் நாள் நேரம் மட்டும் விசாரித்தேன். மறுநாள், ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். கரைக்கும் படகுக்கும் நடுவே போடும் பலகை பழைய மாதிரிதான் இருக்கிறது, இப்போது இரு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் கால் எழவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு வழிவிட்டு நின்றேன். படகு போய்விட்டது. சீட்டுக் கொடுக்கும் பெண், 'பரவால்ல பெரியவரே, இது மூணு மாசத்துக்குச் செல்லும். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க' என்றாள்.

முட்டிவலி, வரமுடியாது என்று எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். முட்டி நன்றாகவே இருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று அம்மாவுக்குத் தண்ணீர் பயம், நான்தான் கைப்பிடித்து ஏற்றினேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். 'ஆமா, உங்கப்பா இல்லைன்னா நான் கரையிலேயே நின்னிருப்பேன்' என்று அவளும் கடைசிவரை சொல்லிவந்தாள். பயந்தது நான். பிடித்தது அவள்.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். இருக்கட்டும்.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். பலகை வந்ததும் ஒரு கையை நீ பிடித்துக்கொள். மறு கை சின்னவளுக்கு. தாத்தாவுக்குப் பயம் என்றே அவளிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் நாக்குக் குழறும். பட்டியல் கொண்டுவரமாட்டேன். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று குழந்தைகளே பார்த்துச் சொல்லட்டும்.

நால்வரும் குறையின்றி நல்லபடியாக வந்து சேருங்கள். என் சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் நாலு வாங்கினால் போதும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா