எனக்குச் சேர வேண்டிய வசவுகள்

ஜனவரி 9

இந்த நோட்டில் இனி எழுதப்போவதை எவனும் நம்பப் போவதில்லை. மேலே வானமும் கீழே என் பஞ்சு மூட்டைகளும் சாட்சியாகச் சொல்கிறேன், நம்பாதவன் நம்பாமலே போகட்டும். எழுதுகிறவன் மோமார் ஃபால். செனகல் தேசம், தியெஸ் நகரத்தின் மெத்தைச் சக்கரவர்த்தி. நான் தைத்த மெத்தையில் படுத்த மாப்பிள்ளை ஒருவன் எழுந்திருக்க மனமில்லாமல் கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருக்கிறான்.

செய்தி இதுதான். நானும் எதிர்க்கடை அலசான் கேயும் சான் லூயிக்குப் போகிறோம். இரண்டு நாள். இரும்புப் பாலத்தில் நடப்பது, குதிரை வண்டியில் தீவைச் சுற்றுவது, கூழைக்கடாக்களைப் பார்ப்பது. எங்கள் தாடி கறுப்பாக இருந்த காலத்துத் திட்டம். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் சுற்றுத் தேநீர் வரை உயிரோடு இருக்கும், கிளாஸைக் கழுவும்போது அதுவும் போய்விடும். இந்தத் தடவை தேதியே குறித்துவிட்டோம்.

சாயங்காலம் அலசான் தன் ரொட்டிக் கடையிலிருந்து ரோட்டைத் தாண்டிக் கத்தினான்: "டேய் அடிமை! கூழைக்கடா வாயில பை இருக்காமே? உன் ஃபால் வம்சத்துக்கும் அப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்க வீட்டுக் கடலை மொத்தமும் காலியாயிருக்கும்!"

நான் கத்தினேன்: "கேய் வீட்டுல கடலை ஏதுடா? தோலைத்தானே விதைச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்தீங்க!"

ஃபாலைக் கண்டால் கேய் திட்ட வேண்டும், கேயைக் கண்டால் ஃபால் திட்ட வேண்டும். கோபம் மட்டும் வரக்கூடாது. பாட்டன்மார் செய்துவைத்த ஏற்பாடு. அவன் வாயால் திட்டு வாங்காமல் நான் கடையைத் திறந்த நாள் கிடையாது.

ஜனவரி 12

மெத்தையைத் தூக்கும்போது பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டது. பூமியின் தப்பு. என் மனைவி மரெம் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, "ரத்த அழுத்தம் அதிகம். உப்பைக் குறைங்க, நிம்மதியா இருங்க" என்றாள். மரெம் அதைத் தலையாட்டித் தலையாட்டி மனப்பாடம் செய்தாள்.

ராத்திரி மீன்சோறு வந்தது. கடலில் பிடித்த மீனா, கிணற்றில் பிடித்ததா?

ஜனவரி 13

காலையில் ரோட்டைக் கடந்தேன். அலசான் எழுந்து நின்றான். "சலாம், ஃபால் ஐயா. உடம்பு சௌக்கியங்களா? ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

எனக்குப் பின்னால் வேறு எந்த ஃபால் ஐயா வந்து நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆடு நின்றது.

ஜனவரி 14

இன்றும் ஐயா.

ஜனவரி 17

என்ன செய்துவிட்டேன் நான்? அவனுடைய குலம், கடை, கழுதை, காது நான்கையும் ஒரே மூச்சில் திட்டிப் பார்த்தேன். "நீங்க பெரியவங்க, சொல்லலாம் ஐயா" என்கிறான். அவன் என்னைவிட மூத்தவன்! பாதகன்.

இதில் இன்னொன்று. ரொட்டிக் கடைக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒருவன் குடிவந்திருக்கிறான். கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பல். பெயர் மதார் — மதார் ஃபால்.

ஃபால்!

ஜனவரி 18

கேட்டுவிட்டேன். இந்தக் காதால் கேட்டேன். பஞ்சு அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏய் மதார்! ஃபால் வீட்டுல விசேஷம்னா எங்க ஊர் ஆடெல்லாம் தானா கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடும்டா!"

அது என் திட்டு. எனக்காகச் செய்த திட்டு. பெருமழை பெய்த வருஷம் என் மகள் பெயர்சூட்டு விழாவில், அத்தனை பேர் முன்னால் எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது. அதைக் கழற்றி நேற்று வந்தவனுக்குப் போட்டுவிட்டான். அந்த மதாருக்குப் பதில் சொல்லத் தெரிகிறதா? பல்லைக் காட்டுகிறான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு ஒரு நல்ல ஆடு வீண்.

மரெமிடம் சொன்னேன். "திட்டலேன்னு அழற ஆம்பளைய இப்பதாங்க பாக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 20

சான் லூயிப் பயணம் திருடு போய்விட்டது. மதாரின் தங்கை வீடு அங்கே ஆற்றங்கரையிலேயே இருக்கிறதாம். தங்கலாமாம், அவள் கைச் சமையலாம். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிப் பேசுகிறார்கள். நான் போனதும் அலசான் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். துடைத்து! எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அந்த ஸ்டூலில்தான் என் கால்சட்டைகள் எல்லாம் செத்தன.

"பயணம் எப்படி, அலசான்?"

"நீங்க ஓய்வா இருங்க, ஐயா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம். பாலம் வேண்டுமானால் காத்திருக்கும். நான்?

ஏழு சீட்டுக் காரில் டிரைவர் பக்கத்துச் சீட்டு மதாருக்காம். டயர் பஞ்சராகட்டும். வேண்டாம், அலசானும் உள்ளே இருப்பான். மதார் உட்கார்ந்த பக்கத்து டயர் மட்டும் பஞ்சராகட்டும்.

ஜனவரி 22

மானம் கெட்டு எழுதுகிறேன். திட்டு வாங்க பஸ் நிலையம் போனேன். டிக்கெட்டுக்கு ஆள் கூப்பிடும் ஒருவன் கேய் குலம் என்று விசாரித்து, அவன் முன்னால் மார்பை நிமிர்த்தி, "நான் ஃபால்!" என்றேன்.

"அப்படியா? அடிமை, நிறைய சாப்பிடுவியே" என்றான். உடனே, "டக்கார்! டக்கார்! ஒரு சீட்டு!" என்று போய்விட்டான்.

இது ஒரு திட்டா? இதற்கு என் வீட்டு மீன்சோற்றிலேயே உப்பு அதிகம்.

ஜனவரி 24

மறுபடி ஆஸ்பத்திரி. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள், பார்த்தாள், அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "போன தடவைய விட ஏறியிருக்கே! என்னய்யா சாப்பிட்டீங்க?"

"மரியாதை" என்றேன்.

அவள் மரெமைப் பார்த்தாள். மரெம் தரையைப் பார்த்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள்.

"நாந்தாங்க. நாந்தான் அலசான் அண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். இவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, கத்தவெக்காதீங்க, பயணம் கியணம்னு அலையவெக்காதீங்கன்னு. அவர் மாட்டேன்னுதான் சொன்னார். நான் அழுதுட்டேன்."

அவள் கண்ணை என் சட்டை நுனியால் துடைத்துவிட்டேன். நான்! இதுவும் எவனும் நம்பமாட்டான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ரொட்டிக் கடைக்கு நடந்தாள். நான் பின்னால். "அண்ணே, திட்டுங்க" என்றாள். "இந்த மனுஷன் மரியாதையாலேயே செத்துடுவார் போல இருக்கு."

அலசான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "நெஜமாவா தங்கச்சி?" என்றான். பிறகு ஆரம்பித்தான்:

"டேய் பஞ்சு மூட்டை! கடலைத் திருடா! உன்னை ஐயான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நாக்குல கொப்புளம் வந்துருச்சுடா! எங்க பாட்டன் குழிக்குள்ள புரண்டு புரண்டு மேல வந்துட்டாரு, கேய் வீட்டுப் பையன் ஃபால் முன்னாடி எழுந்து நிக்கறானான்னு! அந்த மதாரைத் திட்டறது மணல்ல பந்தெறியற மாதிரி, திரும்பியே வரல!"

தெருவே கூடிவிட்டது. மதார் அதற்கும் பல்லைக் காட்டினான். முதல் தடவையாக அந்தப் பல் எனக்கு அழகாகத் தெரிந்தது.

ஜனவரி 25

நர்ஸிடம் கேட்டாகிவிட்டது. மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், மெதுவாக நடக்க வேண்டும், சான் லூயிக்குப் போகலாம். மரெம் மாத்திரையை என் சட்டைப் பையில் வைத்துத் தைத்தே விட்டாள். அவளும் மெத்தைக்காரன் பெண்டாட்டிதானே.

பிப்ரவரி 2

சான் லூயி கண்டு மீண்டேன்.

முன்சீட்டு மதாருக்கே போயிற்று. பாவம், அங்கே உட்கார்ந்தால் பின்னால் நடக்கும் திட்டு பாதிதான் காதில் விழும். நானும் அலசானும் கடைசி வரிசையில், முழங்கால் காதைத் தொட, வழியெல்லாம் சண்டை. சண்டைச் சத்தம் தாங்காமல் வழியில் ஒரு பாவோபாப் மரம் தானாக நகர்ந்து வழிவிட்டது. கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றும் ஒட்டகம் பெருசு. ஒன்று என்னிடம் வந்து குலம் கேட்டது. ஃபால் என்றதும் வாய்ப்பையை மூடிக்கொண்டு பறந்தது. மதார் தங்கை வைத்த மீனின் தலை ஒரு வாசலிலும் வால் அடுத்த வாசலிலும் கிடந்தன. குதிரை வண்டிக் குதிரை அலசானைப் பார்த்து, கேய் குலத்தை ஏற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

நம்ப வேண்டாம். நானே நம்பவில்லை. ஒன்று மட்டும் நிஜம்.

பாலம் நான் நினைத்ததைவிட நீளம். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் அலசான் நின்றான். கம்பியில் சாய்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, என் தாத்தாவிலிருந்து ஆரம்பித்து நிதானமாக, நீளமாகத் திட்டினான். முடித்தான். நடந்தோம். இன்னும் கொஞ்ச தூரம், மறுபடி நின்றான். இப்போது என் மாமன்மார். அப்புறம் என் மெத்தைகள். ஒவ்வொரு தடவையும், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்வரை காத்திருந்துதான் அடுத்த அடி வைத்தான். மதார் தூரத்தில் போய்த் திரும்பி, "என்னப்பா, வரலியா?" என்று கத்தினான்.

"இவனைத் திட்டி முடியலடா!" என்றான் அலசான்.

அக்கரை சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.