வாளிச் சத்தத்துக்கு வந்த ஆடுகள்

மார்ச் 3, திங்கள்

விருந்தினர் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றி, ஆட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். இடுப்பு ஒடிகிறது. விவாகரத்துக்குப் பிறகு தனியாக ஊர் சுற்றக் கிளம்பியவள், கடல் தாண்டி வந்து சோற்றுக்கும் அறைக்கும் ஆட்டுப்புழுக்கை அள்ளுகிறேன். நான் அனுப்பும் படங்களில் ராணி மாதிரி இருக்கிறேன் என்கிறாள் தங்கை. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டாரிடமும் காட்டினாளாம். சிரித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 6

அடுத்தடுத்து ஆடுகளுக்குச் சினை கலைந்தது. பண்ணை முதலாளியம்மா மாட்டு டாக்டரை வரவழைத்தாள். எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார், பிடித்துக்கொண்டது நான். கணவர் போன பிறகு இந்த மந்தையை நம்பித்தான் அவள் நிற்கிறாள். இன்று சாப்பிடவே வரவில்லை.

மார்ச் 11

இன்னும் முடிவு வரவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 14

தொற்றுநோயாம். மனிதர்களுக்கும் பரவுமாம். மந்தையையே அழிக்க வேண்டும் என்பது சட்டம். நன்றாகத் துள்ளுகிற குட்டிகளையுமா என்று கேட்டேன். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அறையில் தங்கியிருந்த குடும்பம் உடனே பெட்டியைக் கட்டிவிட்டது. என் ரத்தத்தையும் எடுத்துப் போனார்கள்.

மார்ச் 17

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மந்தையை அழிக்க வந்த வெள்ளை உடுப்பு ஆட்களைக் கண்டு ஆடுகள் மிரண்டு வேலியோரம் ஒண்டின. டாக்டர் என்னிடம் வந்தார். "நீ கூப்பிட்டா வரும்மா. துரத்திப் பிடிச்சா அதுங்களுக்கு இன்னும் கஷ்டம்."

நியாயம்தான். நியாயம்தானே?

தீவன வாளியைத் தட்டினேன். எல்லாம் ஓடி வந்தன — முட்டி மோதிக்கொண்டு, எப்போதும்போல. முதலாளியம்மா கொட்டகைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கடைசிக் குட்டி என் சட்டை நுனியைச் சப்பிக்கிட்டே உள்ள வந்துச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வேற யாரும் இல்ல, நான்தான்.

மார்ச் 18

குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

மார்ச் 22

எனக்கு நோய் இல்லையாம். சந்தோஷப்படத் தோன்றவில்லை. முதலாளியம்மா பண்ணையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகிறாள். பாத்திரங்களைக் கட்டும்போது, "உன்னாலதான் அதுங்க பயப்படாம போச்சு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மார்ச் 24

தங்கையிடம் போனில் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"உன் விவாகரத்து விஷயம் மாப்பிள்ளை வீட்ல இன்னும் தெரியாதுக்கா. கல்யாணம் முடியட்டுமே."

சரிடி என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள்மேல் கோபமில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

ஏப்ரல் 9

வேறு ஊர், வேறு பண்ணை. திராட்சைத் தோட்டம். ஆடு மாடு உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பிறகுதான் வந்தேன். காலையில் மேஸ்திரி கத்தரிக்கோலைக் கொடுத்து, எந்தக் கொடியை விடுவது, எதை வெட்டுவது என்று காட்டினார். நான் கத்தரியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். புதுசு, பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"சும்மா வெட்டும்மா. அதுக்கு வலிக்காது."

வெட்டினேன்.