சுவர் சொல்லும் பதில்

3, செவ்வாய்

ஆனாலும் சாமி, நீயே சொல்லு, பார்வை போன தங்கச்சியைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிச் சலவைக்கடை வேலைக்குத் திரும்புவது? விடுப்பு இந்த மாதத்தோடு சரி. "அதுக்குள்ள அவ தனியா நடமாடலைன்னா பார்வையில்லாதவங்க இல்லத்துல சேர்த்துடலாம்" என்கிறார் அண்ணன், பழைய பீரோவைத் தள்ளிவிடுகிற மாதிரி. அவள் எதிலும் இடித்துக்கொள்ளக் கூடாதென்று தரையெல்லாம் கம்பளம் விரித்தேன். சுவரெல்லாம் கனத்த திரை. "இடது பக்கம், படி, மெதுவா" என்று வாய் ஓயாமல் கூடவே போகிறேன்.

4, புதன்

விழுந்தாள். கம்பளத்தின் மேலேயே.

9, திங்கள்

மாடியில் குடியிருக்கிற வௌவால் டீச்சர் (ஆராய்ச்சி செய்கிறவர், பேர் நான் வைத்தது) பொழுது சாயும்போது எங்களை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு சின்னப் பெட்டி. நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தை அது எட்டவைக்குமாம். டிக்... டிக்... வானமே நாக்கைச் சொடுக்கியது போல இருந்தது. ஒவ்வொரு டிக்கும் எதிலாவது பட்டுத் திரும்பி வருமாம். சுவர் எது, சந்து எது, பூச்சி எது என்று வௌவால் அதிலேயே தெரிந்துகொள்ளுமாம். திடீரென்று டிக்குகள் நெருங்கி நெருங்கி ஒரே ரீங்காரம். பிறகு அமைதி.

"பிடிச்சிடுச்சு" என்றார் டீச்சர். "சில அந்துப்பூச்சி தப்பிச்சுக்கும். மேலெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும்ல, சத்தத்தை முழுங்கிடும்."

தங்கச்சி மெல்ல நாக்கைச் சொடுக்கினாள். "இங்க ஏதோ பெருசா இருக்கு" என்று கையை நீட்டினாள். தண்ணீர்த்தொட்டி.

"எப்படிடி?"

"திரும்பி வருதுக்கா. நம்ம வீட்டுலதான் ஒண்ணும் வராது, பஞ்சு மூட்டைக்குள்ள கிடக்கிற மாதிரி. அதுக்கு மேல உன் வாய் வேற."

10, செவ்வாய்

என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான்? அவ கண்ணை நானே ரெண்டாந்தடவை மூடிட்டேனே சாமி.

கம்பளத்தைச் சுருட்டினேன். திரைகளைக் கழற்றினேன். வாயைத்தான் கழற்ற முடியவில்லை, இறுக்கி மூடிக்கொண்டேன். பிரார்த்தனையைக்கூட மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். உனக்குக் கேட்டதா?

22, ஞாயிறு

டிக். கூடம். டிக். சமையலறை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீடே தண்ணீருக்கடியில் கிடப்பது போல, நடுவில் அவள் மீன் மாதிரி போய் வருகிறாள்.

29, ஞாயிறு

வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டு தெருக்கோடி மருந்துக்கடைக்குத் தனியாகப் போய்த் திரும்பிவிட்டாள். "சரி, உன்கூடவே இருக்கட்டும்" என்றார் அண்ணன். நாளை நான் வேலைக்கு.

வந்ததும் கேட்டாள்: "தையல்கடை பக்கத்துச் சுவரை இடிச்சிட்டாங்களாக்கா? அங்க மட்டும் சத்தம் திரும்பவே இல்ல."

"நேத்துகூட அந்த வழியாத்தான் வந்தேன். சுவர் அப்படியேதான்டி இருக்கு" என்றேன்.

எழுதும்போதுதான் நினைவு வருகிறது. நேற்று வாசலில் நான் உதறிய செருப்பு முழுக்கச் செங்கல் தூள்.