படம் அறுந்த இடைவேளை

அன்ரி,

போன கிழமை உங்கள் மகள் வந்து உங்கள் சுடுதண்ணிப் போத்தலைத் தந்துவிட்டுப் போனாள். "அம்மா இது உங்களுக்கெண்டு சொல்லி வைச்சவ அண்ணா. ஏனெண்டு எனக்கு நோ ஐடியா," என்றாள். அதே சிவப்புப் போத்தல். ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். எத்தனை தரம் கழுவினாலும் போகாத அந்த இஞ்சி மணம். குசினியில் நின்றபடியே அழுதேன், பிறகு சிரித்தேன். உங்களை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

ஏன் எனக்கென்று வைத்தீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்போது சின்னப் பிள்ளை. எனக்குத் தெரியும். அந்தப் படத்துக்காகத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரே அடுக்குமாடியில், ஒரே தளத்தில் இருந்தோம். நானும் அம்மாவும் ஒரு கதவு, நீங்களும் மகளும் எதிர்க் கதவு. அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார். அம்மா யாழ்ப்பாணத்துச் சைவ சமயம், நீங்கள் மன்னார் வேதக்காரர், மாதா கோயில் ஆள். வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்று, "இண்டைக்கும் சாம்பாரோ? உங்கடை சாமிக்கு அலுக்கேல்லையோ?" என்று நக்கலடிப்பீர்கள். அம்மா உங்களை ஏசிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தருவார். இந்த நாட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி நீங்கள்தான்.

நீங்கள் கோப்பிக் கடை ஒன்றில் கவுண்டரில் நின்றீர்கள். நாள் முழுக்க ஆங்கிலம்தான். ஒரு பனிக்காலத்தில் வீடுகளுக்குச் சூடு வரவில்லை என்று கட்டட மேற்பார்வையாளனை நீங்கள் ஆங்கிலத்தில் கிழித்த கிழியில், அந்த மனுசன் உங்களைக் கண்டால் லிஃப்றில் ஏறாமல் படியால் போவான். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அந்த வருடம் இலை உதிர்கிற காலத்தில் எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன். எனக்குப் பெண் பார்க்கவேண்டாம், என் மனம் ஆண்கள் பக்கம்தான் போகிறது, ஒருவன் இருக்கிறான் என்று. அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தார். அடுப்பைக் குறைத்தார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது. "குளிருது, ஜக்கெற்றைப் போடு," என்பதும் வந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இதற்கு நான் என்ன செய்வது? நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஓர் அறை பார்த்து வைத்தேன். மாத முடிவில் போய்விடுவது, பிறகு ஸ்காபரோப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சாமான் கட்ட உங்கள் கடையிலிருந்து வெறும் பெட்டிகள் மட்டும் கேட்டேன்.

"என்னத்துக்குப் பெட்டி?"

"பழைய புத்தகங்கள் வைக்க, அன்ரி."

"ஓ. ஞாயிற்றுக்கிழமை வந்து எடும்."

"ஞாயிறு ஏலாது. படத்துக்குப் போறன்."

"என்ன படம்?"

எனக்கு எரிச்சல். படத்தின் துண்டுப்பிரசுரத்தை உங்கள் கையில் திணித்தேன். ஞாயிறுகளில் ஸ்காபரோவில் வாடகைக் கொட்டகையில் ஓடும் தமிழ்ப் படம் தவிர வேறு எதையும் நீங்கள் பார்த்ததை நான் கண்டதில்லை. நகரத்து மூலையில் ஓடும் அமெரிக்கப் படத்துக்கு நீங்கள் வருவீர்கள் என்று யார் நினைத்தது?

அது மிகக் குறைந்த செலவில், கடன்பட்டு எடுத்த படம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சோளக்காட்டு ஊர், அங்கே ஒருவரை ஒருவர் விரும்பும் இரண்டு ஆண்கள். ஒருவன் தானியக் கிடங்கில் வேலை, மற்றவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். அதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டது டேவிட்தான், நான் அம்மாவிடம் சொன்ன அந்த ஒருவன். அவனே சஸ்கச்சுவான் சமவெளியில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவன். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் இருந்தோம். விளக்கு அணையப் போகிற நேரம் கதவு திறந்தது. சேலை, அதன் மேல் குளிர்ச்சட்டை, கையில் சிவப்புப் போத்தல், தோளில் பெரிய பை. முன்னால் நீங்கள், பின்னால் அம்மா.

நீங்கள் அம்மாவுக்கு என்ன சொல்லிக் கூட்டிவந்தீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். "தோட்டம் துரவு எல்லாம் காட்டுவினமாம், வா," என்றீர்களாம். பொய் இல்லை. படத்தில் பாதி சோளம்தான்.

சனம் எல்லாம் நகரத்து ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள். படத்தோடு நல்ல சிநேகமாகத்தான் இருந்தார்கள். திரையின் மேல் விளிம்பில் ஒலிவாங்கி தவறி எட்டிப் பார்த்தபோது கைதட்டினார்கள். அந்த ஊர்க்காரர் இழுத்து இழுத்துக் கதைத்தபோது சிரித்தார்கள். டேவிட் மட்டும் சிரிக்கவில்லை. "என் அப்பாவும் இப்படித்தான் பேசுவார்," என்று காதுக்குள் சொன்னான். நீங்கள் கொட்டகைப் பழக்கத்தில் திரையோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். "உந்த வீட்டுக்கு ஒருக்கா பெயின்ற் அடிச்சால் என்ன?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இருக்கைக்குள் புதைந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. தானியக் கிடங்குப் பெடியன் தாயிடம் உண்மையைச் சொல்கிறான். தாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய்க் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துக் கூடைக்குள் வைக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. நீண்ட காட்சி. சனம் பொறுமை இழந்தது. யாரோ சீறினார்கள், யாரோ "கல் நெஞ்சு" என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். நானும் சீறியிருப்பேன், சில வரிசை முன்னால் அம்மாவின் பின்னந்தலை தெரியாமல் இருந்திருந்தால். அது அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் படச்சுருள் அறுந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லாரும் முனகிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நீங்கள் இருவர் மட்டும் எழும்பினீர்கள். இடைவேளை என்று நினைத்துவிட்டீர்கள். விளக்கு எரிந்தால் இடைவேளை, இடைவேளை என்றால் சாப்பாடு. பையிலிருந்து மட்டன் றோல்ஸ் வெளியே வந்தது. அம்மா, அந்த வெட்கப்படுகிற மனுசி, கடதாசித் துண்டில் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் நீட்டினார். தோல் ஜக்கெற், காதில் வளையம், "கல் நெஞ்சு" என்று கத்திய அதே ஆள் ஒன்றை வாங்கிக் கடித்தான். உறைப்பில் அவன் முகம் சிவந்தது. "தண்ணி குடுங்கோ அந்தப் பிள்ளைக்கு," என்று அம்மா பதறினார். நீங்கள் போத்தல் மூடியில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். அவனுக்கு இன்னும் எரிந்திருக்கும்.

படம் திரும்ப ஓடி முடிந்தது. அதை எடுத்தவன் மேடைக்கு வந்தான். மெலிந்த ஆள், கசங்கின சட்டை. ஒருவர் கேட்டார், "அந்தத் தாயை ஏன் இவ்வளவு இரக்கமில்லாமல் காட்டினாய்?" அவன் சொன்னான், "அது என் சொந்த அம்மா. நடிகைக்குக் கொடுக்கக் காசு இல்லை. நான் சொன்ன அன்று அவர் இதைத்தான் செய்தார். திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டேன். அதே கொடியில், அதே உடுப்புகளை மடித்தார்." வளையக்காரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

நீங்கள் காதுக்குள் தமிழில் சொன்னதைக் கேட்டு, அம்மா உங்கள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். நீங்கள் எழும்பித் திரும்பினீர்கள்.

"தம்பி, கடைசி வரிசையிலை இருக்கிறீர் எண்டு தெரியும். எழும்பும். கொம்மா ஒண்டு சொல்லவேணுமாம். இங்கிலிஷிலை அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. டேவிட் என் முழங்கையைத் தள்ளினான். எழும்பினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேடையில் நின்றவனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அந்தத் தாய் ஒண்டும் சொல்லேல்லை எண்டு எல்லாரும் கோவிக்கினம். அவவுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. கையிலை கிடக்கிற உடுப்பை மடிச்சு முடிக்கட்டும், பிறகு சொல்லுவா. அதுக்கிடையிலை வீட்டை விட்டுப் போகவேண்டாம் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

நான் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசி வசனத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது, இது எனக்கு வந்த பதில் என்று. மாதக்கணக்காக நான் காத்திருந்த பதிலை, முன்பின் தெரியாத ஒரு மண்டபத்துக்கு என் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தேன். வளையக்காரன் மூக்கைச் சீறினான். உறைப்பாலோ என்னவோ.

வெளியே பனி கொட்டியது. நீங்கள் கடைசி றோல்ஸை டேவிட்டிடம் நீட்டி, "இந்தாரும், உமக்கெண்டுதான் வைச்சனான்," என்றீர்கள், தமிழிலேயே. அவன் வாங்கிக்கொண்டான். அம்மா அவனுடைய நனைந்த துணிச் சப்பாத்தைப் பார்த்தார். "தடிமன் பிடிக்கப்போகுது," என்று யாருக்கோ சொன்னார்.

சனிக்கிழமையே எடுத்து வைத்திருந்த பெட்டிகளை உங்களிடமே திருப்பித் தந்தேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா மடித்து முடிக்க வசந்தகாலம் வந்துவிட்டது. கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில், என் சேர்ட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தச் சோளக்காட்டுப் பெடியனுக்கு என்ன பேர்?" சொன்னேன். டேவிட் என்று ஒருக்கால் சொல்லிப் பார்த்தார். "சனிக்கிழமை வரச் சொல்லு," என்றார். சில வருடங்கள் கழித்து நானும் டேவிட்டும் வீடு எடுத்துப் போனபோது சட்டி பானை எல்லாம் அவரே கட்டித் தந்தார், உங்கள் கடைப் பெட்டிகளில்தான்.

அப்போது ஒரு நாள் உங்களைக் கேட்டேன். "அன்ரி, நாள் முழுக்க இங்கிலிஷ் கதைக்கிற ஆள் நீங்கள். அண்டைக்கு அம்மா சொன்னதை நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு அண்டைக்குத் தொண்டை கட்டிப் போச்சு, தம்பி."

படம் பார்த்த அன்றைக்கு நீங்கள் சப்வேயிலும், பிறகு பஸ்ஸிலும், ஸ்காபரோ வந்து சேரும்வரை வாய் மூடவில்லை. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காமல் டேவிட்டின் பக்கம் திரும்பி அவனுக்குத் தமிழ் படிப்பித்தீர்கள். "போறன் எண்டு சொல்லக்கூடாது. வாறன் எண்டு சொல்லும்." அவனுடைய தமிழில் இன்றைக்கும் உங்கள் மன்னார் இழுவை இருக்கிறது. எங்கள் வீட்டில் அது தினமும் கேட்கிறது.

உங்கள் இறுதிப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னுக்குப் போனார். எண்பது தாண்டிவிட்டது, தெரியும்தானே. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. "தம்பி, இஞ்சை வா. நான் சொல்லுறதை இந்தப் பிள்ளையளுக்கு இங்கிலிஷிலை சொல்லு," என்று கூப்பிட்டார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இவ என்னை ஒருக்கா ஒரு இங்கிலிஷ் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. போகேக்கை எனக்கு ஒரு பிள்ளை. அதையும் துலைக்க இருந்தனான். வரேக்கை எனக்கு ரெண்டு பிள்ளையள்."

வாயைத் திறந்தேன், அன்ரி. ஒன்றும் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், பிறகு இரண்டாம் வரிசையைப் பார்த்தார். டேவிட் எழும்பி வந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னான். இரண்டு பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றான். அது தன்னைத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். "சொல்லு," என்றார் அம்மா. சொன்னான்.

அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டிப் போய்விட்டது, அன்ரி. நல்லதாய்ப் போயிற்று.