என் பேர் எழுதியிருந்த பை

அன்புள்ள மாப்ள ஆறுச்சாமிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் வரப்பைத் தாண்டி மேயப் போகிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

ஆமாம், கைநாட்டு மாரப்பன்தான் எழுதுகிறேன்! பஞ்சாயத்தில் முதியோருக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். நம் ஊர் கேரளாவில் இருந்தால் என்ன, மலையாளம் வேண்டாம், தமிழ்தான் வேண்டும் என்று நாங்கள் ஆறு பேர் அடம்பிடித்தோம். கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். போன மாசம் பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் நானே படித்து ஏறினேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா போய்விட்டு வந்தேன்.

வகுப்புப் புத்தகம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அப்புறம் எதைப் படிப்பது? அதற்கும் பஞ்சாயத்தே வழி செய்தது. இப்போது மாசத்துக்கு ஒரு தடவை பச்சைக் கோட்டுப் போட்ட பெண்கள் சாக்கோடு வந்து வீட்டுப் பிளாஸ்டிக்கை வாங்கிப்போகிறார்கள். எரிக்கக் கூடாது, வீசக் கூடாது, கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் எங்கள் பக்கம் வருகிற ரமணி மூக்கைச் சுளிப்பாள். "ஏனுங்க அப்பாரு, இந்த நாத்தத்த நாந்தான் சுமக்கோணுமா?" என்று திருப்பிக் கையில் கொடுத்துவிடுவாள்.

அதனால் பால் கவர், எண்ணெய்க் கவர், பருப்புக் கவர் எல்லாம் என் வேட்டிக்குப் பக்கத்தில் துணிக்கொடியில் தொங்குகின்றன. அவை காயும்வரை நின்று படிக்கிறேன். ஒரு உப்புப் பொட்டலத்தில் எத்தனை சங்கதி எழுதியிருக்கிறான்! இதெல்லாம் சாக்கில் ஏறி எங்கே போகிறது என்று ரமணியிடம் கேட்டேன். கொஞ்சத்தை அரைத்து ரோட்டுத் தாரில் கலப்பார்களாம். நேற்று என் பால் கவர் தெரிகிறதா என்று ரோட்டில் குனிந்து பார்த்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

சிரித்திருப்பாயா? நீ என்னோடு பேச்சை நிறுத்தி இருபது வருசத்துக்கு மேலாகிறது. உன் சாவுக்குக்கூட வெளியே நின்றுவிட்டுத்தான் திரும்பினேன்.

அந்த ஆடி மாசம் உனக்கு மறந்திருக்காது. உன் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உருண்டையை எடுத்தார். நீ அதைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாக என் காலடியில் போட்டாய்.

"உம்பட ஊட்டுக் கவருதான் மச்சா இது."

"ஊருல எல்லாரு ஊட்டுலயுந்தான் கவரு இருக்குது. இதுல என்ன, எம்பட பேரா எழுதியிருக்குது?"

நீ வாயைத் திறந்தாய். என் வாசலைப் பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டு போய்விட்டாய். பதில் இல்லாமல் போகிறாய் என்று நினைத்தேன். உருண்டையைக் குப்பைக்குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினேன்.

போன வாரம் சமையல்கட்டுக் கழிவை உரமாக்க அந்தப் பழைய குழியையே தோண்டினேன். இலையும் சாணியும் சாம்பலும் நல்ல கறுத்த மண்ணாகியிருந்தன. உருண்டை மட்டும் அப்படியே கிடந்தது. ரமணிக்குக் கொடுக்கலாமே என்று பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சள் பிளாஸ்டிக் பை ஒன்று முழுசாக வந்தது. கொடியில் போட்டுவிட்டு வழக்கம்போல எழுத்துக் கூட்டினேன்.

மணமகள் கோகிலா. தகப்பனார் மாரப்பன்.

அச்சில் என் பேரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி சந்தோசப்பட்டேன் என்றால் நம்புவாயா? அப்புறம்தான் அது எந்தப் பை என்று உறைத்தது. என் மகள் கலியாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள் மழையில் நனைந்துவிட்டன. எச்சில் இலையோடு சேர்த்து அவற்றை வேலியோரம் கொட்டச் சொன்னவன் நான்தான்.

பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் பொண்டாட்டி பொன்னாத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, இதப் படிச்சேன்" என்றேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. "நான் அன்னைக்கே படிச்சேனுங்கண்ணா. டாக்டரு மலையாளத்துக்காரரு, அவருக்குத் தமிழ் தெரியல. நான் மூணாங்கிளாசு போனவ. நாந்தான் உங்க மாப்ளைக்குப் படிச்சுச் சொன்னேன்."

"அப்பறம் ஏன் அவன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லத்தானுங்க வந்தாரு. ஆடிக்கு வந்த கோகிலா புதுத்தாலியோட உங்க வாசல்ல நின்னுச்சாம். பசுவக் கொன்ன கலியாணம்னு ஊரு பேசும், புள்ளைய மாமியா ஊட்டுல குத்திக் காட்டுவாங்கன்னு வாய மூடிட்டாரு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

"தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமல்லோ?"

"உங்ககிட்டயா? நீங்க ரகசியம் பேசுனா பொள்ளாச்சி வரைக்கும் கேக்குமுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிளம்பும்போது அவள் கீரைக்காம்பை முறத்தோடு நீட்டினாள். "உங்க குழிக்குக் கொண்டுபோய்ப் போடுங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் கழிவும் ஒரே குழியில்தான் விழுகிறது.

ஆனால் மாப்ள, எப்படியடா இருந்தாய்? நான் ஊரெல்லாம் உன்னைக் குறை சொன்னது உன் காதுக்கும் வந்திருக்குமே. வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருமும்போது, போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாளாவது தோன்றவில்லையா?

இனி என் வீட்டுக் கவர் ஒன்றுகூட உன் வேலியைத் தாண்டாது. பையை இன்னும் ரமணியிடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோகிலா வருகிறாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறாள். அவள் பேரை நீ காப்பாற்றினாய். என் பேரை நான் ஒளித்து வைக்கக் கூடாது. பையை அவள் கையில் கொடுத்துச் சொல்லப்போகிறேன். அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் என் 'ழ' கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

அன்றைக்கு நான் கேட்டதற்கு நீ சொல்லாமல் விழுங்கிய பதிலை இப்போது நானே சொல்கிறேன். ஆமாம் மாப்ள, என் பேர்தான் எழுதியிருந்தது. இதே பேர்.

உன் மச்சான்,
மாரப்பன்