மாட்டு டாக்டரின் ஒன்பது பிளாப்பிகள்

தோழிக்கு,

இன்று அலமாரியை ஒழித்தபோது, இரு ஓரமும் துளையிட்ட பழைய பிரிண்டர் தாள்கட்டு ஒன்று கையில் கிடைத்தது. தாள் முழுக்க எண்கள். அவற்றின்மேல் உங்கள் பென்சில் வட்டங்கள். நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வீரபாண்டி பனியன் கம்பெனியில் நீங்கள் துணி டிசைன் பிரிவில் இருந்தீர்கள். நான் அங்கிருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, குன்னத்தூரிலிருந்து ஓர் அம்மா ஒன்பது பிளாப்பி டிஸ்க்குகளோடு வந்தார். அவருடைய கணவர் கால்நடை மருத்துவர். நோயில் படுத்த கடைசி இரண்டு வருடமும், தான் வைத்தியம் பார்த்த மாடுகளைப் பற்றியே டைப் செய்து வைத்துவிட்டு இறந்துபோனார். அவர் பயன்படுத்திய தமிழ் மென்பொருளை விற்ற கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊரில் எவராலும் கோப்புகளைத் திறக்க முடியவில்லை.

ஆபீசில் இருந்த இலவச வேர்ட் பிராசசரில் போட்டுப் பார்த்தேன். வெறும் கட்டங்களும் கிறுக்கல்களும்தான் வந்தன. கைவிரிக்க இருந்தேன். நீங்கள் அருகே வந்து கேட்டீர்கள்: "ஏனுங்கம்மா, அவர் எழுதுனது ஏதாச்சும் பேப்பர்ல இருக்குதுங்களா?"

அவர் அச்செடுத்து வைத்திருந்த ஒரே ஒரு பக்கம் இருந்தது.

அந்தப் பக்கத்தையும், கோப்பில் அதற்குரிய பகுதியை எண்களாக அச்சடித்த இந்தத் தாள்கட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, மூன்று மாதம் சாப்பாட்டு வேளை முழுக்க உட்கார்ந்தீர்கள். ஒருநாள் தயிர்ச்சோற்றுக் கையோடு என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்க பாருங்க. பேப்பர்ல மடிநோய்னு மூணு தடவ வருது. இந்த நம்பர் வரிசையும் மூணு தடவ வருது." அடுத்த வாரத்துக்குள் எல்லா எழுத்தும் பிடிபட்டுவிட்டது.

ஆனால் வாக்கியங்கள் முன்பின்னாகக் கிடந்தன. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று சொல்லும் அட்டவணை கோப்பின் வாலில் ஒளிந்திருப்பதையும் நீங்களே கண்டுபிடித்தீர்கள். பிறகு, அந்தப் பழைய கோப்பைப் படித்து வேர்ட் பிராசசருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் சின்ன நிரலை எழுதினீர்கள். அதற்காகவே புத்தகம் வாங்கி சி++ படித்தீர்கள். இம்போர்ட் ஃபில்டர் எனப்படும் அந்த நிரலை வேர்ட் பிராசசரை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பினோம். மூன்று முறை திருத்தச் சொன்னார்கள். நான்காம் முறை சேர்த்துக்கொண்டார்கள். நம் பனியன் கம்பெனி மூலையில் எழுதியது, யார் எங்கே அந்த மென்பொருளை நிறுவினாலும் கூடவே போய் உட்காரும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அந்த அம்மாவை வரச்சொல்வதற்கு முந்தின நாள்தான் இன்னொன்று சொன்னீர்கள். டாக்டர் அழித்த வரிகளும் கோப்புக்குள் அப்படியே கிடந்தன. அட்டவணையில் மட்டும் அவற்றுக்கு இடமில்லை.

"அதையும் சேர்த்துக் குடுத்தரலாமே" என்றேன்.

"அவர் வேண்டாம்னு எடுத்ததுங்க. ஃபில்டர் அத எடுத்து நீட்டக்கூடாது."

"அப்ப சொல்லாம விட்றலாமா?"

"அதுவும் தப்புங்க. இருக்குதுன்னு சொல்லிருவோம். வேணும்னா அந்தம்மா கேக்கட்டும்."

மறுநாள் அவர் வந்தார். கணவர் எழுதியது வரிவரியாகத் திரையில் ஓடியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தபின், அழித்த வரிகளும் உள்ளே இருப்பதை நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள்.

"அழிச்சதுல எம்பேரு இருக்குதுங்களா, கண்ணு?"

"இருக்குதுங்கம்மா."

"திட்டியா?"

"இல்லீங்க."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போதுஞ்சாமி. அவர் அழிச்சத நான் படிக்கக்கூடாது."

பிளாப்பிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் அன்றைக்கே அவற்றின் நகலை நம் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினீர்கள்.

அதன் பிறகும் எத்தனை வருடம் பழகினோம்! என்னிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அந்த வரிகளைத் தவிர. உங்கள் நோய் முற்றியபோது ஆஸ்பத்திரிப் படுக்கையருகே ஒருமுறை கேட்டே விட்டேன். "அதக் கேக்கப்படாதுங்க" என்று சிரித்தீர்கள்.

ஒரு மனிதர் தன் மனைவியின் பெயர் போட்டு எழுதி, எழுதியதை அழித்த வார்த்தைகளை உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் படித்திருந்தீர்கள். படித்ததை ஒருவருக்கும் கொடுக்காமல் கொண்டுபோய்விட்டீர்கள். கணினி வேலையை நான் இன்னும் விடவில்லை. எவருடைய கோப்பைத் திறக்கும்போதும் என் கை ஒரு கணம் நிற்கிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு கணம்தான்.